எட்டில் ஒன்றா, ஆறில் ஒன்றா?

ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ படிக்கின்ற பிள்ளை உங்கள் இல்லத்தில் இருக்குமானால், நோட்டு, பென்சில் எதுவுமின்றி வாய்மொழியாகவே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். “எட்டில் ஒன்று பெரிதா, ஆறில் ஒன்று பெரிதா?”

“எட்டில் ஒன்றுதான் பெரிது” என்று சற்றும் தயங்காமல் சொல்லிவிடும் பிள்ளைகள் பலர் உண்டு. ஏனென்று கேட்டால், “ஆறை விட எட்டு பெரிசுதானே உம்மா!” என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

பிள்ளையைக் கடிந்துகொள்ள இதில் ஒன்றுமில்லை. முதல் வகுப்பிலிருந்து ஆறை விட எட்டு பெரிது, எட்டை விடப் பத்து பெரிது என்று நாம்தாம் சொல்லிக் கொடுத்து வந்தோம். பிள்ளை அதை நம்பிற்று. இப்போது திடீரென்று ஒரு கோடு போட்டு, அந்த எட்டைக் கோட்டுக்குக் கீழே எழுதிவிட்டு, இனி இது சிறியது என்கிறோம். ஏன் சிறியது என்று நின்று விளக்கினால் பிள்ளைக்குப் புரியும். விளக்காமல் விதியை மட்டும் சொன்னால், பரீட்சை முடிந்த மறுநாளே அது மறந்து போகும். பழைய பழக்கம் மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதே கேள்வியைப் பெரியவர்களிடம் கேட்டாலும் சிலர் தடுமாறத்தான் செய்கிறார்கள். அங்கேதான் இது பள்ளிக்கூடக் கணக்கு என்ற எல்லையைத் தாண்டி விடுகிறது. பிள்ளைகள் உள்ள ஒருவர் மரணமடைந்தால் அவருடைய மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்று திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயமாகிய சூரத்துன்னிஸாவின் 11, 12-ஆம் வசனங்களில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. பாகம் பேச ஆண்கள் திண்ணையில் அமர்ந்திருக்க, உள்ளே இத்தாவில் இருக்கும் பெண்ணிடம், “உங்களுக்கு எட்டில் ஒன்று வருகிறது” என்று செய்தி போகிறது. எட்டு என்ற எண் காதில் பெரிதாக விழுகிறது. அது முழுச் சொத்தில் எவ்வளவு, மாமியாருக்குச் சேரும் ஆறில் ஒன்றை விடக் கூடுதலா குறைவா, கையில் கொடுக்கப்பட்டது அந்த அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று அவள் தானே பார்த்துக்கொள்ள முடியாவிட்டால், கணக்குத் தெரிந்தவர் சொன்னதே அவளுக்குக் கணக்கு. சொன்னவர் நல்லவராயிருந்தால் நல்லது. ஆனால் அல்லாஹ் வரையறுத்துத் தந்த பங்கு, இன்னொருவரின் நல்ல மனத்தை நம்பியா நிற்கவேண்டும்?

ஆகவே இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கும் வகையை இங்கே எழுதுகிறோம்.

ஒரு சஹன் சோறு

கல்யாண வீட்டில் சஹன் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சஹனிலும் சோறு ஒரே அளவு. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருகிறார்கள். பக்கத்துச் சஹனில் கூட்டம் நெருக்கியடித்து எட்டுப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். எந்தச் சஹனில் உட்கார்ந்தால் வயிறு நிறையும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை உடனே ஆறு பேர் சஹனுக்கு ஓடும்!

அவ்வளவுதான் விஷயம். பின்னத்தில் கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணுக்குப் பகுதி என்று பெயர். அது எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி. அந்தப் பங்குகளில் எத்தனை நம் கைக்கு வருகின்றன என்று சொல்கிறது. உட்காருகிறவர் கூடினால் ஒருவர் பங்கு குறையும். ஆகவே தொகுதி இரண்டிலும் ஒன்றே என்றால், பகுதி பெரிதான பின்னமே சிறியது. 1/8 ஆனது 1/6-ஐ விடச் சிறியது. 1/100 ஆனது 1/8-ஐ விடச் சிறியது. “சஹனில் எத்தனை பேர்?” என்ற ஒரு கேள்வியைப் பிள்ளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், இந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தமிழில் பழைய பின்னப் பெயர்கள் இந்த வகையில் வெகு அழகானவை. 1/2 அரை, 1/4 கால், 1/8 அரைக்கால். அரைக்கால் என்ற பெயரே காலில் பாதி என்று சொல்லிவிடுகிறது. அதைக் காலை விடப் பெரிதென்று எந்தக் குழந்தையும் நினைக்காது. அதற்கும் பாதி மாகாணி, 1/16. வீசம் என்றாலும் அதுவே. மா என்பது 1/20, காணி என்பது 1/80, இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16, ஆதலால் மாகாணி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த நம் முன்னோர் இவற்றை வாய்பாடாகவே ஒப்பித்தார்கள். அரிசி அளக்கும் வீட்டுப் பெண்களும் சென்னைப் படிக் கணக்கில் உரி, உழக்கு, ஆழாக்கு என்று படியின் அரையையும் காலையும் அரைக்காலையும் நாளும் கையில் பிடித்தார்கள். ஆழாக்கை உழக்கை விடப் பெரிதென்று சொன்னால் சமையற்கட்டே சிரித்திருக்கும்.

ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த நாளில் பாகத்தை அணாக் கணக்கில் சொல்வதும் உண்டு. அணாவுக்கு 12 பை. ரூபாய்க்கு 192 பை. அரைக்கால் ரூபாய் இரண்டணா. ஆறில் ஒன்று இரண்டணா எட்டுப் பை. எது பெரிதென்று கேட்கவே வேண்டியதில்லை. 1957 ஏப்ரலில் நூறு பைசா நாணயம் வந்தது, அணா போயிற்று. 2011 ஜூன் மாதத்தோடு இருபத்தைந்து பைசாக் காசும் செல்லாமற் போய்விட்டது. இன்றைய பிள்ளை கால் ரூபாயைக் கண்ணால் கண்டதில்லை. பின்னம் கையிலிருந்து போய், புத்தகத்தில் மட்டும் தங்கிவிட்டது. மீண்டும் அதைக் கைக்குக் கொண்டு வர ஒரு வழி சொல்கிறோம்.

இருபத்து நான்கு சென்டிமீட்டர்

சரியாக 24 சென்டிமீட்டர் நீளத்தில் காகிதத்தை நாடாவாக வெட்டிக்கொள்ளுங்கள். இது முழுச் சொத்து. இதே நீளத்தில் இன்னும் ஆறு நாடாக்கள் வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். ஃபராயிள் என்னும் பாகப்பிரிவினைக் கலையில், திருமறை பெயர் சொல்லிக் குறிப்பிடும் பங்குகள் ஆறே ஆறுதான்: அரை, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. அரபியில் நிஸ்ஃபு, ருபுஉ, துமுன். துலுதான், துலுது, சுதுஸ். ஒவ்வொரு நாடாவிலும் ஒரு பங்குக்கு மட்டும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்.

அரைக்கு 12 சென்டிமீட்டர் வரும். காலுக்கு 6. எட்டில் ஒன்றுக்கு 3. மூன்றில் இரண்டுக்கு 16. மூன்றில் ஒன்றுக்கு 8. ஆறில் ஒன்றுக்கு 4. ஒன்றிலேனும் அரை சென்டிமீட்டர்கூடப் பிசகாமல் முழு எண்ணாகவே வருவதைப் பிள்ளை கவனிக்கட்டும். சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கினால் 1/8, 1/6, 1/4, 1/3, 1/2, 2/3 என்று நிற்கும். மார்க்க அறிஞர்கள் இந்த ஆறையும் இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக் கற்பித்ததும் இப்போது கண்ணுக்குத் தெரியும். எட்டில் ஒன்றை இரட்டித்தால் கால், காலை இரட்டித்தால் அரை. ஆறில் ஒன்றை இரட்டித்தால் மூன்றில் ஒன்று, அதை இரட்டித்தால் மூன்றில் இரண்டு.

ஏன் 24? பள்ளிப் பாடத்தில் இதற்கு மீச்சிறு பொதுமடங்கு என்று பெயர். பகுதி ஒன்றாயிருக்கும் இரு பின்னங்களை ஒப்பிடுவதில் சிரமமே இல்லை. 3/24-ஐ விட 4/24 பெரிதென்று சிறுபிள்ளையும் சொல்லும், ஏனென்றால் துண்டு ஒரே அளவு, எண்ணிக்கைதான் வேறு. பகுதிகள் வேறாயிருக்கும்போதுதான் தடுமாற்றம். எட்டுத் துண்டு போட்ட சொத்தையும் ஆறு துண்டு போட்ட சொத்தையும் ஒப்பிட, இரண்டுக்கும் பொதுவான சிறிய துண்டு வேண்டும். எட்டாலும் ஆறாலும் மீதியின்றி வகுபடும் எண்களில் மிகச் சிறியது 24. 48-உம் வகுபடும், அதை எடுத்தாலும் தவறில்லை, வீணாகப் பெரிய எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டும், அவ்வளவே. ஃபராயிள் நூல்களில் இந்தப் பொது எண்ணுக்கு அஸ்லுல் மஸ்அலா, அதாவது கணக்கின் அடிப்படை என்று பெயர். மேற்சொன்ன ஆறு பங்குகள் எப்படிக் கலந்து வந்தாலும் அடிப்படை எண் 2, 3, 4, 6, 8, 12, 24 என்ற ஏழில் ஒன்றாகவே இருக்கும் என்று முன்னோர் கண்டு வைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீ, அல்ஜிப்ரா என்ற கலைக்கே பெயர் தந்த தம் நூலில், பெரும்பகுதியை வஸிய்யத்துக்கும் வாரிசுரிமைக் கணக்குகளுக்கும் ஒதுக்கியிருக்கிறார். பின்னக் கணக்கு நம்மவர்க்கு அந்நியமான பாடமன்று.

இப்போது ஒரு கணக்கு. ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரு மகனையும் விட்டு மரணமடைந்தார். பங்கிடத்தக்க சொத்து 24 இலட்சம் ரூபாய். மனைவிக்கு 1/8, அதாவது 3/24: மூன்று இலட்சம். தாய்க்கு 1/6, அதாவது 4/24: நான்கு இலட்சம். மீதியெல்லாம் மகனுக்கு: 17/24, பதினேழு இலட்சம். மனைவிக்கும் தாய்க்கும் இடையே ஒரு இலட்சம் வித்தியாசம். எட்டு பெரிதென்று எண்ணியிருந்தால் அந்த வித்தியாசம் தலைகீழாகப் போயிருக்கும். மகனுடைய 17/24 மூன்றில் இரண்டைத் தாண்டிற்றா? மூன்றில் இரண்டு 16/24. ஆம், தாண்டிற்று. முக்காலைத் தொட்டதா? முக்கால் 18/24. இல்லை.

பொதுப் பகுதி காணாமலே ஒப்பிடும் வழிகள்

எல்லாவற்றுக்கும் 24 போட்டு மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அரை என்ற அளவுகோல் ஒன்று எப்போதும் கையில் இருக்கிறது. 5/12, 4/7 இரண்டில் எது பெரிது? பன்னிரண்டில் பாதி ஆறு. ஐந்து அதற்குக் குறைவு. ஏழில் பாதி மூன்றரை. நான்கு அதற்கு மேல். ஒன்று அரைக்குக் கீழே, மற்றொன்று அரைக்கு மேலே. கணக்கு முடிந்தது.

முழுமைக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது இன்னொரு வழி. தகப்பனாருக்கு வாரிசு மகனும் மனைவியும் மட்டும் என்றால் மகனுக்கு 7/8 மிஞ்சும். மகனும் தாயும் மட்டும் என்றால் 5/6 மிஞ்சும். எது பெரிது? முதலாவதில் போனது எட்டில் ஒன்று. இரண்டாவதில் போனது ஆறில் ஒன்று. குறைவாகப் போன இடத்தில் அதிகம் மிஞ்சும். 7/8 தான் பெரிது. எல்லாம் எட்டுப் பேர் சஹனும் ஆறு பேர் சஹனும்தான், மறுபக்கத்திலிருந்து பார்க்கிறோம்.

தொகுதியை ஒன்றாக்கிப் பார்ப்பதும் உண்டு. பள்ளியில் இதை அதிகம் சொல்வதில்லை. இரண்டோ அதற்கு மேலோ பெண்மக்கள் மட்டும் இருந்து, ஆண்மக்கள் இல்லையென்றால் அவர்கள் அனைவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. மூன்று பெண்மக்கள் என்றால் ஒருத்திக்கு 2/9. இது காலை விடக் கூடுதலா? கால் என்பதை 2/8 என்று எழுதுங்கள். இரண்டிலும் தொகுதி 2. ஒன்பது துண்டில் இரண்டு, எட்டுத் துண்டில் இரண்டு. ஒன்பது துண்டு போட்டால் துண்டு சிறிது. ஆகவே 2/9 காலை விடச் சற்றுக் குறைவு.

கடைசியாகக் குறுக்குப் பெருக்கல். 5/12, 3/8 என்ற இரண்டில் 5-ஐ 8-ஆல் பெருக்கினால் 40, 3-ஐ 12-ஆல் பெருக்கினால் 36. 40 பெரிது, ஆகவே 5/12 பெரிது. விரைவான வழிதான். ஆனால் இதை முதற்பாடமாகச் சொல்லிக் கொடுப்பதை நாம் விரும்பவில்லை. எந்தப் பெருக்குத்தொகை எந்தப் பின்னத்துக்குரியது என்பது பிள்ளைக்கு மாறிப் போனால், தவறைக் கண்டுபிடிக்க அதனிடம் வேறு சாதனமே இருக்காது. உண்மையில் நடப்பது என்ன? 12-ஐயும் 8-ஐயும் பெருக்கி 96 என்ற பொதுப் பகுதியை வைத்துக்கொள்கிறோம். அதில் 5/12 என்பது 40/96, 3/8 என்பது 36/96. பகுதி இரண்டிலும் ஒன்றே என்பதால் அதை எழுதாமல் விட்டுவிட்டோம். இந்த விளக்கத்தோடு சொன்னால் குறுக்குப் பெருக்கல் நல்ல கருவி.

எதில் மூன்றில் ஒன்று?

நிற்க. இதுவரை சொன்னவை யாவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை: இரு பின்னங்களும் ஒரே முழுமையின் பங்குகளாக இருக்க வேண்டும். சஹனில் சோறு ஒரே அளவு என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். சின்ன ரொட்டியில் பாதியை விடப் பெரிய ரொட்டியில் கால் பெரிதாக இருக்கலாம். அதனால் கால் அரையை விடப் பெரிது என்றாகிவிடாது.

வாரிசுரிமையில் இந்த இடத்தில்தான் கணக்குத் தெரிந்தவர்களும் சறுக்குவார்கள். பங்கிடப்படும் முழுமை எது? இறந்தவர் விட்டுச் சென்றது அனைத்துமா? இல்லை. கஃபன், அடக்கச் செலவு, பிறகு கடன்கள், பிறகு வஸிய்யத் செய்திருந்தால் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் அது, இவையெல்லாம் போக எஞ்சியதே பங்கிடத்தக்க முழுமை. மனைவிக்குக் கொடுபடாமல் நிற்கும் மஹரும் கடன்தான் என்பதை மறக்கலாகாது. அவளுடைய எட்டில் ஒன்றுக்குள் மஹரைக் கழித்துவிடுகிறவர் இரண்டு வேறு கணக்குகளை ஒன்றாகக் குழப்புகிறார். மஹர் முதலில் வெளியே வரும். எட்டில் ஒன்று அதன் பிறகு வரும்.

இன்னொரு உதாரணம். ஒரு பெண் மரணமடைகிறாள். பிள்ளைகள் இல்லை, உடன்பிறந்தாரும் இல்லை. கணவரும் தாயும் தகப்பனாரும் இருக்கிறார்கள். கணவருக்கு அரை. தாய்க்கு மூன்றில் ஒன்று. ஆனால் முழுச் சொத்தில் அன்று, கணவரின் பங்கு போக எஞ்சியதில் மூன்றில் ஒன்று என்று ஹழ்ரத் உமர் (ரலி) தீர்ப்பளித்தார்கள். ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில் அதுவே சட்டம். ஹழ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) மாத்திரம் இதில் கருத்து வேறுபட்டார்கள். இறந்தவர் ஆணாயிருந்து, மனைவியும் தாயும் தகப்பனாரும் இருந்தாலும் அதே தீர்ப்பே.

இப்போது இரண்டு தாய்மார்களின் பங்கையும் ஒப்பிடுங்கள். முதலாமவருக்கு அரையில் மூன்றில் ஒன்று: 1/6. இரண்டாமவருக்கு, மனைவியின் கால் போக எஞ்சிய முக்காலில் மூன்றில் ஒன்று: 1/4. இருவருக்கும் வாயால் சொல்லப்பட்டது “மூன்றில் ஒன்று” என்ற ஒரே சொல். கைக்கு வந்தது முழுமையில் ஆறில் ஒன்றும் காலும்! ஆகவே பின்னம் காதில் விழுந்தவுடன், “எதில்?” என்று கேட்கப் பிள்ளையைப் பழக்க வேண்டும். இந்த ஒரு கேள்வி, பரீட்சையிலும் சரி, பாகப் பத்திரத்திலும் சரி, பாதித் தவறுகளைத் தடுத்துவிடும்.

இரவுத் தொழுகையை எடுத்துக்கொண்டாலும் இதே விஷயம். இரவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, அல்லது பாதி, அல்லது மூன்றில் ஒன்று நின்று வணங்கியதைப் பற்றி 73-ஆம் அத்தியாயத்தின் 20-ஆம் வசனம் பேசுகிறது; பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் வரிசை. ஒருநாள் மஃக்ரிபு 6.30 மணிக்கும் ஸுப்ஹு 5 மணிக்கும் என்றால் இரவு பத்தரை மணி நேரம். மூன்றில் இரண்டு 7 மணி, பாதி ஐந்தேகால் மணி, மூன்றில் ஒன்று மூன்றரை மணி. இரவின் கடைசி மூன்றில் ஒன்று 1.30-க்குத் தொடங்கும். கோடையில் இரவு குறுகும். பின்னம் மாறாது, மணி மாறும்.

மிம்பரில் வந்த கணக்கு

பங்குகளையெல்லாம் கூட்டினால் முழுமையை மிஞ்சிவிட்டால் என்ன செய்வது? பிள்ளைகள் கேட்கும் நல்ல கேள்வி இது. கேட்காவிட்டால் நாமே கேட்கலாம்.

ஒருவர் மனைவி, இரண்டு பெண்மக்கள், தாய், தகப்பனார் ஆகியோரை விட்டுச் சென்றார். மனைவிக்கு 1/8, பெண்மக்களுக்கு 2/3, தாய்க்கு 1/6, தகப்பனாருக்கு 1/6. இருபத்து நான்கில் 3, 16, 4, 4. கூட்டிப் பாருங்கள்: 27! இருபத்து நான்கு துண்டு போட்ட சொத்தில் இருபத்தேழு துண்டு கேட்டு நிற்கிறார்கள்.

ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் குத்பா ஓதிக்கொண்டிருக்கையில் இந்தக் கேள்வி எழுந்தது என்றும், அவர்கள் சற்றும் தயங்காமல், அந்த மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று விடையளித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. ஆதலால் இக்கணக்குக்கு மிம்பரிய்யா என்று பெயர் வழங்கலாயிற்று. காகிதமின்றி எப்படிச் சொன்னார்கள்? சொத்தை 24-க்குப் பதில் 27 துண்டாகப் போட வேண்டும். மனைவிக்கு அதே 3 துண்டு. 3/27 என்பது 1/9. ஃபராயிளில் இம்முறைக்கு அவ்ல் என்று பெயர்.

இங்கே ஒப்பிடுதல் இரண்டு விதமாக நடக்கிறது. ஒவ்வொருவருடைய பழைய பங்கையும் புதிய பங்கையும் ஒப்பிட்டால் எல்லாருக்கும் குறைந்திருக்கிறது: தாய்க்கு 4/24 போய் 4/27, தொகுதி ஒன்றே, பகுதி பெரிதாயிற்று, ஆகவே சிறிது. ஆனால் ஒருவரையொருவர் ஒப்பிட்டால் எதுவும் மாறவில்லை. முன்பு 3-க்கு 4 என்றிருந்த மனைவியும் தாயும் இப்போதும் 3-க்கு 4 தான். குறைவு ஒருவர் தலையில் விழாமல், அவரவர் பங்கின் அளவுக்கு எல்லார் மீதும் பரவிற்று. சொத்து 27 இலட்சம் என்று வைத்தால் மனைவிக்கு 3 இலட்சம், பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து 16, தாய்க்கு 4, தகப்பனாருக்கு 4. எட்டில் ஒன்றாகவே இருந்திருந்தால் மனைவிக்கு 3,37,500 வந்திருக்கும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சொத்தில் 37,500 ரூபாய்.

யார் யார் வாரிசு, யாரால் யாருடைய பங்கு குறையும் அல்லது நீங்கும் என்பதையெல்லாம் இக்கட்டுரையைக் கொண்டு முடிவு செய்துகொள்ள வேண்டாம். அது ஆலிம்களிடம் முழு விவரத்தோடு கேட்க வேண்டியது. அவர்கள் பங்கைச் சொன்ன பிறகு அதன் அளவை அறிந்துகொள்வதே இந்தப் பாடம்.

பிள்ளைகளுக்குச் சில கணக்குகள்

நாடாப் படத்தை ஒட்டிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். முதலில் மனத்தால் மதிப்பிட்டு, எது பெரிதென்று சொல்லிவிட்டு, பிறகு எழுதிப் பார்க்கவும்.

பணத்துக்கு ஜகாத் நாற்பதில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சிய விளைச்சலுக்கு இருபதில் ஒன்று. மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. பூமியில் கிடைத்த புதையலுக்கு ஐந்தில் ஒன்று. இவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குக. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் எத்தனை மடங்கு?

ஒருவர் மனைவியையும் ஒரு மகளையும் உடன்பிறந்த சகோதரர் ஒருவரையும் விட்டுச் சென்றார். மனைவிக்கு 1/8, மகளுக்கு 1/2, மீதி சகோதரருக்கு. மகளுக்கு அதிகமா, சகோதரருக்கு அதிகமா?

ஒருவருக்குப் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் இல்லை; தகப்பனாரும் பாட்டனாரும் முன்பே மரணமடைந்துவிட்டனர். மனைவிக்கு 1/4, தாய்க்கு 1/3, மீதி தகப்பனாரின் உடன்பிறந்த சகோதரருக்கு. மூவரில் யாருக்கு அதிகம்? அவர் பங்கு பாதியைத் தொடுகிறதா?

ஒரு பெண் கணவரையும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரையும் விட்டுச் சென்றாள். கணவருக்கு 1/2, சகோதரிகளுக்குச் சேர்த்து 2/3. கூட்டினால் மிஞ்சுகிறது. அவ்ல் முறையில் கணவருக்கு எவ்வளவு? அது பாதியை விட எவ்வளவு குறைவு?

விடைகள்: முதற்கணக்கில் 1/40, 1/20, 1/10, 1/5, ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் இரு மடங்கு, உழைப்பு குறையக் குறையக் கொடுப்பது கூடுகிறது. இரண்டாவதில் எட்டில் 1, 4, 3. மகளுக்கே அதிகம், மீதி முழுவதும் சகோதரருக்கு என்று கேட்டவுடன் அது பெரிதாகத் தோன்றினாலும். மூன்றாவதில் பன்னிரண்டில் 3, 4, 5. சிறிய தகப்பனாருக்கோ பெரிய தகப்பனாருக்கோ சேரும் 5/12 மற்றவர் பங்குகளை விடப் பெரிது, பாதிக்கு 1/12 குறைவு. நான்காவதில் ஆறில் 3-உம் 4-உம் சேர்ந்து 7 ஆவதால் சொத்தை ஏழாகப் போட வேண்டும். கணவருக்கு 3/7, சகோதரிகளுக்கு 4/7. பாதி 7/14, கணவரின் பங்கு 6/14, குறைவு 1/14.